வலிக்காத புண்ணே ஆபத்து!

ஆரணிப் பட்டு என்றால் நெசவாளியின் கைவண்ணத்தைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். அவருடைய காலை யாரும் நினைப்பது இல்லை.

குழித்தறியில் கைக்குப் பாதி வேலை. காலுக்குப் பாதி வேலை. நெசவாளி குழியின் விளிம்பில் உட்காருகிறார். கால்கள் குழிக்குள் இருக்கின்றன. மிதியை மாற்றி மாற்றி அழுத்துகிறார். அப்போதுதான் பாவு நூல் மேலும் கீழுமாகப் பிரியும். பிரிந்த வழியில் நாடா ஓடும்.

கால் நின்றால் நாடா நிற்கும். நாடா நின்றால் அடுப்பு நிற்கும்.

அந்தக் காலில் சர்க்கரை வியாதி கை வைத்தால் என்ன ஆகும்?

பணக்காரர் வியாதியா?

சர்க்கரை வியாதியைப் பணக்காரர் வியாதி என்று சொன்ன காலம் உண்டு. இன்று அது எல்லா வீட்டுக் கதவையும் தட்டுகிறது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு இந்த வியாதி இருப்பதாக 2023-ம் ஆண்டில் வெளியான ஒரு பெரிய ஆய்வு தெரிவித்தது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 100-க்கு 14 பேருக்கு இருக்கிறதாம்!

ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்து இருந்தால் கால் நரம்புகள் கெடும். பாதம் மரத்துப் போகும். ரத்தக் குழாய்களும் சுருங்கும். ரத்தம் சரியாகப் போகாத இடத்தில் புண் எளிதில் ஆறாது. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

வேலூரில் கிடைத்த பாடம்

ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கிறது வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ம் ஆண்டில் ஒரு டாக்டர் வந்தார். அவர் பெயர் பால் பிராண்ட். கொல்லி மலையில் பிறந்த ஆங்கிலேயர்.

தொழுநோய் விரல்களைத் தின்றுவிடும் என்று அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். "அப்படி அல்ல" என்று பிராண்ட் காட்டினார். நோயாளிக்கு உணர்ச்சி போய்விடுகிறது. ஆணி குத்தினாலும் தெரியாது. நெருப்புச் சுட்டாலும் தெரியாது. புண்ணோடு நடக்கிறார். நடக்க நடக்கப் பாதம் அழிகிறது. இதுதான் அவர் கண்ட உண்மை.

1966-ம் ஆண்டில் பிராண்ட் அமெரிக்கா சென்றார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் இதே கதையைக் கண்டார். வேலூரில் கற்ற வைத்தியத்தை அவர்களுக்கும் சொன்னார். "மென்மையான செருப்புப் போடுங்கள். புண் உள்ள பாதத்தை ஊன்றாதீர்கள்" என்பதே அது.

வலி என்பது உடம்பின் காவல்காரன். காவல்காரன் தூங்கிவிட்டால் திருடனுக்குக் கொண்டாட்டம் அல்லவா?

ஒரு வீட்டின் கதை

ஒரு நெசவாளி வீட்டை நினைத்துப் பாருங்கள். தறி மிதியில் ஒரு சிராய் பெயர்ந்து நிற்கிறது. அது பாதத்தில் ஏறுகிறது. அவருக்கு வலிக்கவில்லை. சேலையை முடித்துக் கொடுக்க வேண்டுமே என்று தொடர்ந்து மிதிக்கிறார். ஒரு வாரம் கழித்துத் தரையில் ஈரக் கறையைப் பார்த்து மனைவி திடுக்கிடுகிறாள்.

"வலியே இல்லையே, தானாக ஆறிவிடும்" என்கிறார் அவர். மஞ்சள் பற்றுப் போடுகிறார்கள். புண் உள்ளே போகிறது. விரல் கறுக்கிறது. ஆஸ்பத்திரியில் விரலை எடுக்கிறார்கள். சிலருக்குக் காலையே எடுக்க நேரிடுகிறது.

போவது கால் மட்டும் அல்ல. குழிக்குள் இறங்க முடியாது. தார் சுற்றிக் கொடுத்த மனைவி வேறு வேலை தேடுகிறாள். வாங்கிய முன்பணம் கடனாக நிற்கிறது. மகளின் படிப்பு ஆட்டம் காண்கிறது. புண்ணின் வாடைக்கு வெட்கப்பட்டு, சொந்தத் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அவர் போவது இல்லை. ஊருக்கெல்லாம் முகூர்த்தப் பட்டு நெய்தவர் திண்ணையில் முடங்குகிறார்!

இரவில் ஐந்து நிமிடம்

இந்தத் துயரத்தில் பெரும் பகுதியைத் தடுக்க முடியும். அதற்குத் தேவை, இரவில் ஐந்து நிமிடம்.

படுக்கும் முன் இரண்டு பாதங்களையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். விரல் இடுக்கையும் பாருங்கள். கண் மங்கியவருக்குப் பேரனோ பேத்தியோ பார்த்துச் சொல்லலாம். காலைக் கழுவி, இடுக்குகளில் ஈரம் இல்லாமல் துடையுங்கள். வெந்நீரில் காலை வைக்காதீர்கள். சூடு தெரியாமல் வெந்து போகும். கால் ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள். வீட்டுக்குள் போட ஒரு மென்மையான செருப்பைத் தனியாக வைத்துக் கொள்ளுங்கள். தறியில் உட்காரும் முன் மிதியைத் தடவிப் பாருங்கள்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோ மீட்டர். பாதம் மரத்தவர்கள் வெயிலில் வெறுங்காலோடு அதைச் சுற்றக் கூடாது. தார் ரோட்டின் சூடு அவர்களுக்குத் தெரியாது. டாக்டரைக் கேட்டுக் கொண்டு போவதே நல்லது.

சிறு புண் கண்டாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

ஓய்வும் மருந்துதான்

பாதத்தின் உணர்ச்சியைச் சோதிக்கப் பெரிய இயந்திரம் வேண்டாம். ஒரு நைலான் இழை போதும்! அதன் நுனியைப் பாதத்தில் வைத்து, இழை வளையும் வரை டாக்டர் அழுத்துவார். அது தெரியவில்லை என்றால் காவல்காரன் தூங்கிவிட்டான் என்று பொருள். நூலை நம்பி வாழும் ஊரில் இந்த ஒரு நூல் எல்லாத் தறி வீட்டுக்கும் வர வேண்டும்.

2021-ம் ஆண்டில் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கரை மாத்திரை வீடு தேடி வந்தது. மாத்திரை வரும் வீட்டில் பாதச் சோதனையும் நடக்க வேண்டும். ஏழைக்கு மென்மையான செருப்பும் கிடைக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பாதப் புண் ஆற, பாதத்தை ஊன்றாமல் இருக்க வேண்டும். ஆனால் மிதிக்காத நாளில் நெசவாளிக்குக் கூலி இல்லை. "ஓய்வு எடு" என்று சொல்லிவிட்டால் போதுமா? ஓய்வு நாளில் உலை கொதிக்க வேண்டாமா? கூட்டுறவுச் சங்கங்களும், பாவு கொடுக்கும் முதலாளிகளும், அரசும் சேர்ந்து அந்த நாட்களுக்கு உதவித் தொகை தர வழி காண வேண்டும். சில வாரக் கூலியைக் கொடுத்தால் ஒரு ஆயுள் காலத் தொழில் பிழைக்கும்.

பட்டில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி உடனே பார்த்துவிடுகிறார். நாடாவை நிறுத்தி முடிச்சுப் போடுகிறார். அந்தக் கண் தன் பாதத்தையும் பார்க்கட்டும்!