கோடு யாருடைய கையில் இருக்கிறது?

ஓவியம் கற்றுத்தரும் எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் ஒரு பாடம் தவறாமல் வரும். படுக்கைக் கோடு அமைதி. நிமிர்ந்த கோடு உறுதி. சாய்ந்த கோடு அசைவு. வளைந்த கோடு மென்மை. முறிந்து முறிந்து ஓடும் கோடு பதற்றம், கோபம். அழுத்தி இழுத்தால் ஓர் உணர்ச்சி, மெல்லத் தொட்டு இழுத்தால் வேறோர் உணர்ச்சி. கோடு என்பது கையின் வழியாக மனம் பேசுவது என்று பாடத்தை முடித்துவிடுவார்கள்.

இந்தப் பாடம் தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. இது பாதிப் பாடம் என்கிறோம். கோட்டில் உணர்ச்சி இருக்கிறது என்றால் அது யாருடைய உணர்ச்சி, யாரைப் பற்றிய உணர்ச்சி என்று அடுத்த கேள்வி வரவேண்டாமா? அந்தக் கேள்வியைக் கேட்டவுடன் "கலையில் அரசியலைக் கொண்டுவராதீர்கள்" என்று வாயை அடைக்கிறார்கள்.

படுக்கைக் கோடு அமைதி என்கிறீர்களே, உத்தபுரத்துச் சுவரைப் பாருங்கள். ஏறத்தாழ 600 மீட்டர் நீளத்துக்கு ஊரையும் தலித் குடியிருப்பையும் பிரித்து நின்ற அந்தக் கோடு, கட்டியவர்களுக்கு அமைதியாகத்தான் தெரிந்தது. 2008 மே மாதம் அதில் ஒரு பகுதியை இடித்தபோதுதான் அவர்களுடைய அமைதி கெட்டது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடிகாலையில் சரிந்த சுவரும் ஒரு கோடுதான். அதன் அடியில் 17 அருந்ததியர் செத்தார்கள். கோட்டின் இந்தப் பக்கம் நிற்பவனுக்கும் அந்தப் பக்கம் நிற்பவனுக்கும் ஒரே உணர்ச்சி வராது. தாளில் வரையும் கோட்டுக்கும் இது பொருந்தும்.

இளக்காரத்தின் கோடு

2012-ஐ நினைவுபடுத்துகிறோம். அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த தோழர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். என்.சி.இ.ஆர்.டி.யின் 11-ஆம் வகுப்பு அரசியல் பாடநூலில் ஒரு கேலிச்சித்திரம் இருந்தது. 1949-ல் சங்கர் வரைந்தது. நத்தையின் மேல் பாபாசாகேப் அம்பேத்கர் உட்கார்ந்திருக்கிறார். நத்தைதான் அரசியலமைப்புச் சட்டம். பின்னால் நேரு சாட்டையை ஓங்கியபடி நிற்கிறார். சுற்றிலும் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. தொல். திருமாவளவன் இதை நாடாளுமன்றத்தில் எழுப்பினார். மத்திய அமைச்சர் கபில் சிபல் மன்னிப்புக் கேட்டார், படம் திரும்பப் பெறப்பட்டது. பாடநூல் ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்ஷிகரும் பதவி விலகினார்கள்.

உடனே அறிவாளிகள் கிளம்பினார்கள். சாட்டை நத்தைக்குத்தான், அம்பேத்கருக்கு இல்லை என்றார்கள். அம்பேத்கர் கையிலும் சாட்டை இருக்கிறதே என்றார்கள். தலித்துகளுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்றார்கள். பல்ஷிகரின் அலுவலகத்தில் புகுந்து நொறுக்கியதை நாங்கள் ஆதரிக்கவில்லை. அது நம் வழியும் அல்ல. ஆனால் நொறுக்கியதைக் காட்டி, படத்தைப் பற்றிய கேள்வியை மூடிவிட முடியாது.

படத்தைக் கோடு கோடாகப் படியுங்கள். ஓங்கிய சாட்டையின் சாய்ந்த கோடுதான் படத்தின் விசை. கண் அங்கிருந்து கிளம்பி நத்தையின் மேல் இருப்பவரிடம் வந்து விழுகிறது. சாட்டை நத்தைக்கா மனிதருக்கா என்று பிரித்துப் பார்ப்பது மூளை. அதற்கு முன்பே முதுகு கூசிவிடும். தலைமுறை தலைமுறையாகச் சாட்டையடி வாங்கிய முதுகுக்கு அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. வகுப்பறையில் அதைப் பார்த்துச் சிரிக்கும் மாணவனும், தலையைக் குனிந்துகொள்ளும் மாணவனும் பார்ப்பது ஒரே கோட்டைத்தான்.

உண்மை நிலவரம் என்ன? வரைவுக் குழுவில் இருந்த ஏழு பேரில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், மற்றவர்களும் பல காரணங்களால் ஒதுங்கியிருந்தார்கள், கடைசியில் சுமை முழுவதும் அம்பேத்கர் தலையில்தான் விழுந்தது என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலேயே சொன்னவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அவரே அந்தக் குழுவின் உறுப்பினர்தான். உடல்நலம் கெட்ட நிலையிலும் ஒற்றை ஆளாகச் சுமந்தவரை நத்தை மேல் ஏற்றியது எந்த உணர்ச்சி?

இது ஒரு படத்தோடு நிற்கவில்லை. ஆய்வாளர் உன்னமதி சியாம சுந்தர் 1932 முதல் 1956 வரை ஆங்கிலப் பத்திரிகைகளில் அம்பேத்கரைப் பற்றி வந்த நூற்றுக்கும் மேற்பட்ட கேலிச்சித்திரங்களைத் தேடியெடுத்து 2019-ல் நூலாகக் கொண்டுவந்தார். ஒன்றைத் தனியாகப் பார்த்தால் வேடிக்கை என்று சொல்லித் தப்பிக்கலாம். நூறையும் சேர்த்துப் பார்க்கும்போது அது ஒரு பழக்கம் என்று தெரிகிறது. மற்ற தலைவர்கள் நெடிதாக நிற்க, அவர் சின்ன உருவமாகச் சுருங்கிப்போகிறார். உருவத்தைச் சிறுக்க வைப்பதற்கு ஒரு சொல்கூட எழுத வேண்டியதில்லை. கோடே போதும்.

அதே 2012-ல், அடுத்த மாதமே, 12-ஆம் வகுப்புப் பாடநூலில் இந்தி எதிர்ப்பு மாணவர்களைக் கிண்டல் செய்து ஆர்.கே. லட்சுமண் வரைந்த கேலிச்சித்திரம் இருப்பது வெளியே வந்தது. திமுக, மதிமுக உள்ளிட்ட கட்சிகள் நீக்கச் சொல்லிக் கொந்தளித்தன. சரியான கொந்தளிப்புதான். ஆனால் தமிழனைக் கிண்டல் செய்யும் கோடு புண்படுத்தும் என்று புரிந்தவர்களில் எத்தனை பேருக்கு முந்தைய மாதம் தலித்தின் வலி புரிந்தது? மொழி என்றால் உணர்வு, சாதி என்றால் உணர்ச்சிவசப்படுதலா?

பக்கத்தில் உட்கார்ந்த கோடு

கோடு எப்போதும் இளக்காரம்தான் செய்யும் என்பதில்லை. 1943 வங்கப் பஞ்சத்தில் 30 இலட்சம் பேர் செத்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. நிலமற்ற கூலிகளும் மீனவர்களும் படகோட்டிகளும்தான் முதலில் செத்தார்கள். அவர்களுடைய சாதி என்ன என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்போது மிதுனாப்பூர் கிராமங்களுக்கு நடந்தே போனவர் சித்தபிரசாத். பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்து, சாதி சொல்லும் பின்னொட்டைப் பெயரிலிருந்து வெட்டி எறிந்தவர். கறுப்பு மையில் வரைந்தார். விலா எலும்புகளுக்கு அழுத்தமான கோடு. ஒட்டிய வயிற்றுக்குக் கோடே இல்லை, வெறும் தாள். படத்தோடு அந்த மனிதரின் பெயரையும் ஊரையும் எழுதிவைத்தார். 'பசித்த வங்கம்' என்று சிறு நூலாக வந்தபோது பிரிட்டிஷ் அரசு ஏறத்தாழ 5,000 பிரதிகளையும் பறிமுதல் செய்து அழித்தது. ஒரு கோட்டைப் பார்த்து ஒரு பேரரசு பயந்தது.

ஜெர்மனியில் கேத்தே கொல்விட்சு 1890-களில் 'நெசவாளர்கள்' என்ற ஆறு படங்களைச் செய்தார். 1844-ல் சிலேசியா நெசவாளர்கள் பசியில் கிளர்ந்தெழுந்ததுதான் கரு. 1898 கண்காட்சியில் அதற்குப் பதக்கம் தரப் பரிந்துரை வந்தபோது பேரரசர் மறுத்துவிட்டார். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் வாழும் தோழர்கள் இந்தப் படங்களைக் கட்டாயம் தேடிப் பார்க்க வேண்டும். கூனிய முதுகுக்கு அவர் போட்ட வளைந்த கோட்டில் மென்மை எதுவும் இல்லை. அது சுமை. முன்பணம் வாங்கித் தறியோடு கட்டுண்டு கிடக்கும் நம் ஆட்களின் முதுகும் அப்படித்தான் வளைந்திருக்கிறது. கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்ற விசைத்தறித் தொழிலாளர்கள் பற்றிய செய்தி 2025-ல் பள்ளிபாளையத்திலிருந்துதான் வந்தது. அந்த உடலில் இருக்கும் தழும்பும் ஒரு கோடுதான். அதை யார் வரைந்தார்கள்?

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சித்தபிரசாத்தும் கொல்விட்சும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள். அவர்களுடைய கோட்டில் இருப்பது உண்மையான இரக்கம். நாம் என்றைக்கும் இரக்கத்துக்குரிய உருவமாகவே இருந்துவிட முடியாது. நாக்பூரில் பிறந்த தலித் ஓவியர் சவி சாவர்க்கர், பேஷ்வா ஆட்சியில் கழுத்தில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டி நடக்கவைக்கப்பட்ட மனிதனைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அந்தக் கொடுமையை அம்பேத்கர் 1936-லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதியிருக்கிறார். சவியின் கோடு கரடுமுரடானது, கீறியது போன்றது. பார்ப்பவர் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு நகர முடியாது. அந்த உருவம் திருப்பி முறைக்கிறது. இரக்கத்தின் கோட்டுக்கும் தன்மானத்தின் கோட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

நம் மண்ணில் யார் வரைகிறார்கள்?

சேலம், நாமக்கல் பக்கம் கலை இல்லை என்று நினைப்பவர்கள் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்குப் போய் நிற்கட்டும். நீளமான பலகையில் கை நடுங்காமல் ஒரே மூச்சில் கோடு இழுக்கும் பெயிண்டரைப் பார்க்கட்டும். அவரை ஓவியர் என்று யாரும் சொல்வதில்லை. கூலி என்கிறார்கள். நம் காலனிச் சுவர்களில் அண்ணலின் முகத்தை வரைந்ததும் இப்படிப்பட்ட கைகள்தான். வட்டக் கண்ணாடி, கோட்டு, கையில் புத்தகம், நீட்டிய விரல். நான்கைந்து கோடுகளில் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். சிலைக்குக் கூண்டு போட்ட நாட்டில் சுவரில் அந்த முகம் கூண்டில்லாமல் நிற்கிறது. ஒண்டிவீரனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் காலத்தில் யாரும் அவரை உட்காரவைத்துப் படம் வரையவில்லை. பிற்காலத்து ஓவியர்கள் தந்த முகம்தான் 2022-ல் அஞ்சல்தலை வரைக்கும் போனது. வரலாறு எழுதாமல் விட்டவனுக்குக் கோடு முகம் கொடுத்தது.

அந்தக் கைகளுக்கு இன்று வேலை இல்லை. பிளக்ஸ் வந்து அடித்துவிட்டது. அடுத்த தலைமுறைக் கைகளுக்குப் பயிற்சியும் இல்லை. 2012-ல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நிற்கிறார்கள். அரசு கவின்கலைக் கல்லூரி வேண்டுமென்றால் சென்னைக்குப் போ, இல்லையென்றால் கும்பகோணத்துக்குப் போ. இராசிபுரத்துக் கூலி வீட்டுப் பிள்ளைக்கு இது என்ன வழி? ஓவிய வகுப்பு தனியார் பள்ளிப் பிள்ளையின் பொழுதுபோக்காகவும், நம் பிள்ளைக்கு எட்டாத ஒன்றாகவும் ஆனது தற்செயல் அல்ல. நம்மைப் பற்றி அவர்கள் வரையலாம், நாம் வரையக்கூடாது. இந்த ஏற்பாட்டின் பெயர் சாதி.

இளம் தோழர்களிடமும் ஒரு சண்டை இருக்கிறது. ஓமலூர் கோகுல்ராஜ் 2015 ஜூனில் திருச்செங்கோட்டு மலைக்கோயிலிலிருந்து கடத்தப்பட்டு, மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடலாகக் கிடந்தார். 2022-ல் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்த ஏழு ஆண்டுகளில் எத்தனை வன்கொடுமைகள், எத்தனை உடல்கள், எத்தனை வாட்ஸ்ஆப் படங்கள்! சிதைந்த உடலின் படத்தை ஒரு நொடியில் எடுத்து, ஒரு நொடியில் அனுப்புகிறோம். கோபத்தில்தான் செய்கிறோம். ஆனால் அந்தப் படத்தைச் செத்தவரின் தாயும் பார்க்கிறாள். கொன்றவனின் கூட்டாளியும் பார்த்து ரசிக்கிறான். பாலியல் வன்கொடுமை என்றால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆவது பிரிவின்படி குற்றம்.

புகைப்படம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வழக்குக்கு அது சான்று, பத்திரமாக வையுங்கள், வழக்கறிஞரிடம் கொடுங்கள். தெருவுக்குக் கொண்டுபோக வேண்டியது வேறு. ஒருவரை வரைய வேண்டுமானால் உட்கார வேண்டும். பார்க்க வேண்டும். பெயர் கேட்க வேண்டும். வீட்டாரிடம் "வரையட்டுமா?" என்று அனுமதி கேட்க வேண்டும். செத்த உடலை விட்டுவிட்டு, உயிரோடு இருந்தபோது அவர் எப்படி நடந்தார், எப்படிச் சிரித்தார் என்று விசாரிக்க வேண்டும். அந்த நேரம்தான் கோட்டில் இறங்குகிறது. துயரத்தையும் சொல்லும், மானத்தையும் காக்கும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை சில. மாலைநேரப் படிப்பகங்களில் நோட்டும் பேனாவும் போலவே கறுப்பு மையும் தூரிகையும் இருக்கட்டும். பிளக்ஸால் வேலை இழந்த பெயிண்டர் அண்ணன்களை ஆசிரியர்களாக அழைப்போம், சம்பளம் கொடுத்து அழைப்போம். லினோலியத் தகட்டில் செதுக்கி மை தடவினால் ஒரே படத்தை நூறு பிரதி எடுக்கலாம், சித்தபிரசாத் செய்தது போல. பகுதிநேர ஓவிய ஆசிரியர்களின் போராட்டத்தில் நாமும் போய் நிற்போம். சேலம், நாமக்கல் பகுதிக்கு ஓர் அரசு கவின்கலைக் கல்லூரி கேட்டு மனு கொடுப்போம். மனு கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காமல், பதில் வரும்வரை கேட்போம்.

நம்மை நத்தை மேல் உட்காரவைத்த கோட்டை ஒரு பாடநூலிலிருந்து எடுக்கவைக்க 63 ஆண்டுகள் ஆயின. அடுத்த பாடநூலில் நம் பிள்ளைகள் வரைந்த கோடு இருக்க வேண்டும். அதற்கு இந்த வாரமே ஒரு தூரிகை வாங்குங்கள், தோழர்களே.

ஜெய்பீம்.