மணிக்கட்டுக்கு என்ன விலை?

நாள் முழுவதும் கம்ப்யூட்டரில் டைப் அடிப்பவர்கள் பலருக்குக் கை வலிக்கிறது. மணிக்கட்டு கடுக்கிறது. விரல்கள் மரத்துப் போகின்றன. சிலருக்கு வலி தோள் வரை ஏறிவிடுகிறது.

"உட்கார்ந்து செய்கிற வேலைதானே! அதில் என்ன வலி?" என்று வீட்டில் உள்ளவர்கள் கேட்கிறார்கள். மூட்டை தூக்கினால் முதுகு வலிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். விரலை அசைத்தால் கை வலிக்கும் என்பதை நம்புவது கடினம்.

ஆனால் வலி உண்மை. அதற்கு மருந்து என்று சொல்லி, வளைந்த கீபோர்டுகள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. சில கீபோர்டுகள் நடுவில் மேடாக இருக்கின்றன. சில, இரண்டாகப் பிளந்திருக்கின்றன. சில, கிண்ணம் போலக் குழிந்திருக்கின்றன.

விலையைக் கேட்டால் தலை சுற்றும். அமெரிக்காவில் சாதாரண கீபோர்டு 20 டாலருக்குக் கிடைக்கும். இந்த வகையில் ஒன்றின் விலை சுமார் 450 டாலர்!

அவ்வளவு பணம் கொடுக்கலாமா? கொடுத்தால் வலி போகுமா?

டைப்ரைட்டர் விட்டுப்போன கோணல்

1868-ம் ஆண்டில், அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் வாழ்ந்த கிறிஸ்டோபர் ஷோல்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் டைப்ரைட்டருக்குக் காப்புரிமை பெற்றார்கள். சில ஆண்டுகளில் ரெமிங்டன் கம்பெனி அதைச் செய்து விற்கத் தொடங்கியது.

அந்த மெஷினில் ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் ஒரு கம்பி உண்டு. கம்பிகள் ஒன்றோடொன்று இடிக்கக் கூடாது. ஆகவே, எழுத்துகளை வரிசைக்கு வரிசை கொஞ்சம் தள்ளி, சாய்வாக வைத்தார்கள்.

இன்றைய கீபோர்டில் கம்பி கிடையாது. ஆனாலும் அந்தச் சாய்வு மட்டும் அப்படியே இருக்கிறது. மனிதனின் கைக்காக ஏற்பட்ட அமைப்பு அல்ல அது. இரும்புக் கம்பிக்காக ஏற்பட்டது!

நேரான பலகையில் டைப் அடிக்கும்போது கை மூன்று விதமாகத் துன்பப்படுகிறது.

தோள் அகலமானது, பலகை குறுகலானது. இரண்டு கைகளும் உள்நோக்கி வந்து, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக மடங்குகின்றன. அடுத்து, உள்ளங்கை முழுவதும் கீழே பார்க்கும்படி முன்கையை முறுக்க வேண்டியிருக்கிறது. கையைச் சும்மா தொங்கவிட்டுப் பார்த்தால் உள்ளங்கை தொடையைப் பார்த்துத்தான் இருக்கும். மூன்றாவது, பலகையின் பின்பக்கம் உயர்ந்திருந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்குகிறது.

வளைந்த கீபோர்டு செய்வது இதுதான்: பிளப்பு முதல் மடிப்பைக் குறைக்கிறது. நடுமேடு, முறுக்கைக் குறைக்கிறது. முன்பக்கம் உயர்ந்தால் மூன்றாவது மடிப்பும் குறைகிறது. மந்திரம் ஒன்றும் இல்லை.

லாஜிடெக்கும் மைக்ரோசாப்டும்

மைக்ரோசாப்ட் கம்பெனி 1994-ல் 'நேச்சுரல்' என்ற பிளந்த கீபோர்டை வெளியிட்டது. அதன் பிறகுதான் இந்த வடிவம் சாதாரண ஆபீசுகளுக்கு வந்தது. 2013-ல் அதே கம்பெனி 'ஸ்கல்ப்ட்' என்ற கீபோர்டை வெளியிட்டது. நடுவில் நல்ல மேடு. உள்ளங்கைக்கு மெத்தை. கணக்கு எழுதுவோருக்கான எண் பலகை தனியாக இருந்தது.

எண் பலகை தனியாக இருப்பது சிறிய விஷயம் போலத் தோன்றும். அப்படி அல்ல. எண் பலகை ஒட்டியே இருந்தால் மவுஸ் ஒரு சாண் தள்ளிப் போகும். வலது கை நாள் முழுவதும் நீட்டியபடி இருக்கும். மணிக்கட்டு வலி குறைந்து தோள் வலி ஆரம்பமாகும்!

ஸ்கல்ப்டில் ஒரு பெரிய குறையும் உண்டு. கம்ப்யூட்டரில் செருகுவதற்கு நகம் அளவில் ஒரு துண்டு கொடுப்பார்கள். அது அந்த ஒரு கீபோர்டோடு மட்டும்தான் பேசும். அது தொலைந்தால் வேறு துண்டு வாங்க முடியாது. முழுக் கீபோர்டும் வீண்!

2023-ல் மைக்ரோசாப்ட் தன் பெயரில் கீபோர்டு செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. 2024-ல் இன்கேஸ் என்ற கம்பெனி அந்த மாதிரிகளைத் தன் பெயரில் விற்கப்போவதாகச் சொன்னது. பழைய ஸ்கல்ப்டைக் குறைந்த விலைக்கு வாங்குவோர், அந்தச் சிறிய துண்டு கூட இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

லாஜிடெக் கம்பெனியின் 'எர்கோ கே860' 2020-ல் வந்தது. அப்போது விலை சுமார் 130 டாலர். வளைவு சீரானது. மற்றக் கீபோர்டுகளில் கால்கள் பின்னால் இருக்கும்; இதில் முன்னால், உள்ளங்கைக்கு அடியில் இருக்கின்றன. மணிக்கட்டை மேலே மடக்காமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. செருகும் துண்டு தொலைந்தாலும் புளூடூத் மூலம் வேலை செய்யும். ஆனால் எண் பலகை ஒட்டியே இருக்கிறது. உயரம் குறைந்தவர்களுக்கும் மவுஸை அதிகம் பிடிப்பவர்களுக்கும் இது தொல்லை.

அதே கம்பெனி 2023-ல் 'வேவ் கீஸ்' என்ற சிறிய கீபோர்டைச் சுமார் 60 டாலருக்கு வெளியிட்டது. இதில் பிளப்பு இல்லை. அலை போல ஒரு வளைவு மட்டும் உண்டு. இது பாதி மருந்து. லேசான அசௌகரியம் உள்ளவர்களுக்குப் போதும். வீட்டில் பலர் ஒரே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினால் இதுவே நல்லது. பிள்ளைகளுக்கும் பழக வேண்டிய அவசியம் இல்லை.

குழிந்த கிண்ணங்கள்

விலை அதிகமானது எது? அதற்கு ஒரு கதை உண்டு.

1970-களில் இங்கிலாந்தில் லில்லியன் மால்ட் என்ற பெண்மணி டைப் அடிக்கக் கற்றுக்கொடுத்து வந்தார். ஸ்டீபன் ஹாப்டே என்ற எஞ்சினீயரும் அவரும் சேர்ந்து புதிய கீபோர்டு ஒன்றை உருவாக்கினார்கள். அதன் பெயர் மால்ட்ரான்.

மனிதனின் ஐந்து விரல்களும் ஒரே நீளம் அல்ல. பலகை மட்டும் ஏன் தட்டையாக இருக்க வேண்டும்? மால்ட்ரானில் எழுத்துகள் இரண்டு கிண்ணங்களில் அமைந்தன. நடுவிரலுக்கு ஆழம் அதிகம். பலம் உள்ள கட்டைவிரல், சாதாரண கீபோர்டில் இடைவெளி மட்டும் தட்டிக்கொண்டு சும்மா இருக்கிறது. அதற்கும் பல வேலைகளைக் கொடுத்தார்கள்.

அமெரிக்காவில் கினசிஸ் என்ற கம்பெனி 1992-ல் இதே வகையில் கீபோர்டு செய்யத் தொடங்கியது. அதன் 'அட்வான்டேஜ்360' 2022-ல் வந்தது. சுமார் 450 டாலர் விலை இதற்குத்தான். இரண்டு பாதிகளையும் தோள் அகலத்துக்குத் தள்ளி வைக்கலாம். மேட்டின் உயரத்தை மூன்று விதமாக மாற்றலாம். எழுத்துகள் சாய்வு இல்லாமல், நேர் வரிசையில் நிற்கின்றன. கைக்கு இதைவிட இசைந்த அமைப்பைக் கடையில் காண்பது அரிது.

ஆனால், வாங்கிய மறுநாளே வேலை ஓடாது! எழுத்தை அழிக்கும் பொத்தான் கட்டைவிரலுக்கு வந்திருக்கும். விரல்கள் தடுமாறும். பழைய வேகம் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு அந்த வாரங்களில் வருமானம் குறையும். விலையோடு அந்த நஷ்டத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

வலி இல்லாதவர் இதை வாங்குவது வீண் செலவு. எழுத்தே தொழிலாகக் கொண்டு, வலியால் தொழிலை விடும் நிலைக்கு வந்தவருக்கு, 450 டாலர் மலிவு.

ஆராய்ச்சி சொல்வது என்ன?

விளம்பரங்கள் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. 1997-ல் அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம், இந்தக் கீபோர்டுகள் நோய் வராமல் தடுக்கும் என்பதற்கு முடிவான ஆதாரம் இல்லை என்று கூறியது.

1999-ல் வேறு ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஏற்கனவே கை வலி உள்ள 80 பேருக்குப் பலவிதக் கீபோர்டுகளைக் கொடுத்து, ஆறு மாதம் கவனித்தார்கள். நடுவில் மேடும் பிளப்பும் உள்ள மைக்ரோசாப்ட் நேச்சுரலைப் பெற்றவர்களுக்கு வலி குறைந்தது. அதுவும் உடனே அல்ல. பல மாதங்களுக்குப் பிறகு!

ஆகவே, ஒரே வாரத்தில் வலி பறந்துவிடும் என்று சொல்பவர் கடைக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

காசு இல்லாத வைத்தியத்தை முதலில் செய்து பார்க்கலாம். இருக்கும் கீபோர்டின் பின்கால்களை மடக்கிவிட வேண்டும். முழங்கை பலகையின் உயரத்துக்கு வரும்படி நாற்காலியை உயர்த்த வேண்டும். கால் தரையில் படாவிட்டால் ஒரு பலகையைப் போட்டுக்கொள்ளலாம். அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும். நாற்காலி சரியாக இல்லாத இடத்தில் 450 டாலர் கீபோர்டும் உதவாது.

இரவில் விரல் மரத்து விழிப்பு வந்தாலும், கையில் பிடித்த பொருள் நழுவினாலும், போக வேண்டிய இடம் டாக்டர் வீடு. கீபோர்டு கடை அல்ல.

யார் பணம் கொடுப்பது?

கை வலிப்பது தொழிலாளிக்கு. டைப் அடித்த வேலையால் லாபம் முதலாளிக்கு. அப்படியானால் கீபோர்டை யார் வாங்க வேண்டும்?

ஐரோப்பாவில் 1990-லேயே இதற்கு விதி செய்தார்கள். பிரிட்டனில் 1992-ல் வந்த விதிகளின்படி, கம்ப்யூட்டர் முன் வேலை செய்பவர்களின் மேஜை, நாற்காலி, கீபோர்டு எல்லாவற்றையும் முதலாளி சோதிக்க வேண்டும். தீங்கு இருந்தால் குறைக்க வேண்டும். அது நியாயம். நாற்காலியும் விளக்கும் வாங்கிக் கொடுக்கிற கம்பெனி, கீபோர்டுக்கு மட்டும் ஊழியரின் சம்பளத்தில் கை வைப்பது நியாயம் அல்ல. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும். வலி உள்ளவர், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு ஆபீசில் கேட்கத் தயங்கக் கூடாது.

சொந்தப் பணத்தில் வாங்குவோர், எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடையில் முதலில் கேட்க வேண்டும். மேடு உள்ள கீபோர்டைச் சோதிக்க ஒரு வாரம் போதும். கிண்ணக் கீபோர்டுக்குப் போதாது. ஒரு மாதமாவது வேண்டும்.