ஒளிந்திருக்கும் கிருமியைத் தேட நாமும் பங்கு போட வேண்டும்

எச்.ஐ.வி. கிருமியை உடலிலிருந்து அடியோடு அகற்ற வழி தேடும் ஆராய்ச்சிக்கு இலங்கை அரசு நிதி ஒதுக்க வேண்டும். தொகை சிறிதாக இருக்கலாம். ஆனால் அது நம் சொந்தப் பணமாகவும், ஆண்டு தவறாமல் வருவதாகவும் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் மருந்தை வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தருகிற காலத்தில் இது என்ன கோரிக்கை என்று வினாயகபுரத்திலும் கேட்பார்கள், கல்முனையிலும் கேட்பார்கள். அது தெரிந்தேதான் எழுதுகிறோம்.

முதலில், கையில் இருப்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கு இலங்கை அரசு 2004இன் இறுதியிலிருந்து இலவசமாக மருந்து தருகிறது. இன்று பெரும்பாலானோருக்கு நாளுக்கு ஒரு குளிசை போதும். அதை ஒழுங்காக எடுப்பவரின் இரத்தத்தில் கிருமி பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்துவிடும். பாலுறவு மூலம் அவரிடமிருந்து இன்னொருவருக்கு நோய் தொற்றாது. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கைக்குச் சான்று வழங்கியது. எங்கள் பொதுச் சுகாதாரத் துறையின் பெருமைகளில் அதுவும் ஒன்று.

ஆனால் குளிசை நோயைக் கட்டி வைக்கிறதே தவிர, தீர்ப்பதில்லை. நிறுத்தினால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலேயே கிருமி திரும்பிவிடும். ஏன் என்பதை 1997இல் அமெரிக்காவின் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் காட்டின. எச்.ஐ.வி. தன் மரபுக் குறிப்பை நம்முடைய நோய் எதிர்ப்புக் கலங்களின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடுகிறது. அவற்றுள் சில கலங்கள் பிறகு உறக்க நிலைக்குப் போகின்றன. உறங்கும் கலம் புதுக் கிருமி எதையும் உண்டாக்குவதில்லை. ஆகவே மருந்துக்கும் அது தெரிவதில்லை, உடலின் காவல் கலங்களுக்கும் தெரிவதில்லை. வயல்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. களைநாசினி முளைத்த களையைக் கருக்கும். மண்ணுக்குள் கிடக்கும் விதையை அது தொடாது. அடுத்த போகத்தில் தண்ணீர் பாய்ந்ததும் அந்த விதை தலைகாட்டும்.

இந்தக் கலங்கள் மிகச் சில. உறங்கும் எதிர்ப்புக் கலங்களில் பத்து இலட்சத்துக்கு ஒன்று என்ற அளவில்தான், மறுபடி கிருமியை உண்டாக்கக்கூடியது இருக்கும். ஆனால் அது நீண்ட ஆயுள் உள்ளது. பிரிந்து தன்னைப் போலவே இன்னொன்றையும் உருவாக்கும். குளிசையை மட்டும் நம்பி, இவை தாமாக அழியட்டும் என்று காத்திருந்தால் எழுபது ஆண்டுக்கு மேல் ஆகும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது, ஒரு மனித ஆயுள் போதாது.

ஆயுள் முழுவதும் ஒரு குளிசை விழுங்குவது பெரிய துன்பமா? நீரிழிவுக்காரர் விழுங்கவில்லையா? நீரிழிவுக் குளிசையைச் சாப்பாட்டு மேசையில் வைக்கலாம். இந்தக் குளிசையை வைக்க முடியாது. கரையோரக் கிராமத்தில் கூட்டுக் குடும்பமாக வாழும் ஒரு பெண் அதை அரிசிப் பானைக்குள்ளோ சேலை மடிப்புக்குள்ளோதான் வைத்திருக்க வேண்டிவரும். மாமியாருக்குத் தெரியக் கூடாது. பாடசாலை போகும் பிள்ளை போத்தலில் உள்ள பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துவிடக் கூடாது. கிளினிக் நாளில் வினாயகபுரத்தில் பஸ் ஏறினால் திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, நிந்தவூர் என்று வழி நெடுகத் தெரிந்த முகம்தான். அதனால் கிட்டடி வைத்தியசாலையை விட்டுவிட்டு, யாரும் அறியாத தூரத்து ஊருக்குப் போக நினைப்பது இயல்பு. தூரம் கூடக்கூட ஒரு மாதம் தவறும். ஒரு மாதம் தவறினால் கிருமி விழிக்கும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போக நினைப்பவருக்கோ இரத்தப் பரிசோதனையிலேயே கதவு மூடிவிடும். அங்கே இருக்கும்போது தெரியவந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மத்திய கிழக்கு உழைப்பை நம்பி அடுப்பெரியும் எங்கள் கரையோரத்தில் இதன் பொருள் எல்லோருக்கும் விளங்கும்.

ஒளிந்த கலங்களை அழிக்க முடியுமா? முடியும் என்பதற்குச் சாட்சிகள் உண்டு. இரத்தப் புற்றுநோய்க்காக 2007இல் பேர்லினில் குருத்துக் கல மாற்றுச் சிகிச்சை பெற்ற திமொத்தி ரே பிரவுன் எச்.ஐ.வி.யிலிருந்தும் விடுபட்டார். 2020இல் அவர் இறந்தது புற்றுநோயால், எச்.ஐ.வி. அவரிடம் திரும்பி வரவேயில்லை. இலண்டன், டுசல்டோர்ஃப், நியூயோர்க், ஜெனீவா என்று அவருக்குப் பின்னும் சிலர் இப்படித் தேறியிருக்கிறார்கள். ஆனால் உயிருக்கே ஆபத்தான அந்தச் சிகிச்சையைப் புற்றுநோய் இல்லாத ஒருவருக்கு எந்த வைத்தியரும் பரிந்துரைக்க மாட்டார். உறங்கும் கலத்தை எழுப்பிக் கொல்லும் முயற்சிகள் பத்தாண்டுக்கு மேலாக நடக்கின்றன. எழுப்ப முடிந்தது, கொல்ல முடியவில்லை. மிசிசிப்பியில் பிறந்த ஒரு குழந்தை குணமாகிவிட்டதாக 2013இல் அறிவித்தார்கள். மருந்தின்றி இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து, 2014இல் கிருமி திரும்பி வந்தது.

இந்தத் தோல்விகளின் மேல்தான் அடுத்த படி கட்டப்படுகிறது. கொவிட் தடுப்பூசியில் பயன்பட்ட எம்.ஆர்.என்.ஏ. தொழில்நுட்பத்தைக் கொண்டு உறங்கும் கலத்துக்குள் கட்டளையைச் செலுத்தி, ஒளிந்த கிருமியை வெளிக்காட்டச் செய்ய முடியும் என்று மெல்பேர்னின் டொஹெர்ட்டி நிறுவனத்தார் 2025இல் ஆய்வுகூடத்தில் காட்டினார்கள். அதே ஆண்டு, தென்னாபிரிக்காவின் டர்பன் பகுதியில் நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு வெளியானது. தொற்றிய ஆரம்பத்திலேயே சிகிச்சை தொடங்கிய 20 இளம் பெண்களுக்கு நோயெதிர்ப்பு ஊசிகளைக் கொடுத்துப் பிறகு குளிசையை நிறுத்திப் பார்த்தார்கள். நால்வர் ஆய்வு முடியும்வரை, ஒரு வருடத்துக்குச் சற்று மேல், மருந்தே இல்லாமல் இருந்தார்கள். இருபதில் நால்வர் என்பது குணம் அல்ல. ஆனாலும் வழி அடைபட்டுவிடவில்லை என்பதற்கு அது ஆதாரம்.

இந்த வேலைக்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும் பகுதி ஒரே நாட்டிலிருந்து. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2021இல் இதற்கென்றே பத்து ஆய்வுக் குழுக்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 53 மில்லியன் டொலர் என ஐந்தாண்டுக்கு அறிவித்தது. 2025 ஜனவரியில் வொஷிங்டனில் ஆட்சி மாறியதும் வெளிநாட்டு உதவி முடக்கப்பட்டது. தென்னாபிரிக்க ஆய்வுகளுக்கான அமெரிக்கப் பணம் வெட்டப்பட்டது. எச்.ஐ.வி. தடுப்பூசி தேடிய இரண்டு பெரிய அமெரிக்கக் கூட்டமைப்புகளுக்கு இனி நிதி புதுப்பிக்கப்படாது என்று சொல்லப்பட்டது. உலகில் நாலு கோடிக்கு மேற்பட்டோரைப் பிடித்திருக்கும் ஒரு நோயின் தீர்வு, ஒரு தலைநகரின் மனமாற்றத்தில் தொங்குகிறது. அமெரிக்காவைத் திட்டுவதில் பயன் இல்லை. மற்றவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்ததும் குற்றம்தான்.

இலங்கையில் தொற்றுள்ளோர் சில ஆயிரம் பேரே, அதற்கு ஏன் ஆராய்ச்சி என்பார்கள். எண்ணிக்கை குறைவு என்பது உண்மை. ஆனால் அது ஏறுமுகம்: ஒரு வருடத்தில் புதிதாகக் கண்டறியப்பட்டோர் 2022இல் 600ஐத் தாண்டினர், 2023இல் 700ஐ நெருங்கினர். எண்ணிக்கை குறைந்ததும் கவனத்தையும் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 1963இல் இந்தத் தீவு முழுவதிலும் மலேரியா 17 பேருக்குத்தான் இருந்தது. ஒழிந்தது என்று நினைத்து மருந்து விசிறலை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் நோயாளிகள் ஐந்து இலட்சத்தைத் தாண்டினார்கள். மலேரியா இல்லாத நாடு என்ற சான்றைப் பெற 2016 வரை காத்திருந்தோம். மிச்சமிருக்கும் கொஞ்சத்தை அழிக்கச் செலவிடும் காசு வீண்செலவு அல்ல என்ற பாடத்தை இந்த நாடு அரை நூற்றாண்டு கொடுத்துப் படித்திருக்கிறது.

முதலில் சிகிச்சைக்குக் காசு வேண்டும் என்பது அடுத்த வாதம். அதை நாம் மறுக்கவில்லை. குளிசைக்கும் பரிசோதனைக்கும் ஒதுக்கிய பணத்தில் ஒரு சதமும் ஆராய்ச்சிக்கு மாற்றப்படக் கூடாது. இலங்கை எல்லாத் துறை ஆராய்ச்சிக்கும் சேர்த்துச் செலவிடுவது மொத்தத் தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு 0.1 வீதத்தை ஒட்டியதுதான். வெட்டப்பட வேண்டியது சிகிச்சை அல்ல, உயர்த்தப்பட வேண்டியது இந்த வெட்கக்கேடான அளவு.

சின்ன நிதி என்ன சாதிக்கும் என்று கேட்பவர்கள் சென்னையைப் பார்க்கலாம். 1986இல் வைத்தியர் சுனிதி சொலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா என்ற பட்டப்பின் மாணவி, எந்தப் பெரிய நிதியும் இல்லாமல் இரத்த மாதிரிகளைத் திரட்டினார். அவற்றைத் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பாதுகாத்து, இரவு ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோனார். இந்தியாவில் எச்.ஐ.வி. இல்லை என்ற நம்பிக்கையை அந்த மாதிரிகள் உடைத்தன. நாட்டின் கட்டுப்பாட்டுத் திட்டங்களே அதன் பிறகுதான் எழுந்தன. உள்ளூர் இரத்தத்தை உள்ளூரார் பார்த்ததால் வந்த பலன் அது. உறங்கும் கலங்கள் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை மேற்கு நாடுகளில் பரவலாக உள்ள பி வகைக் கிருமியை வைத்தும், ஆண்களை வைத்தும் நடந்தவை. இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலும் மேலோங்கியிருப்பது சி வகை. டர்பன் பரிசோதனை முக்கியமாவது இதனால்தான். எங்கள் பிராந்தியத்தின் கிருமியையும் எங்கள் பெண்களின் உடலையும் கணக்கில் எடுக்காத மருந்து, இங்கே வந்து சேரும்போது எப்படி வேலை செய்யும் என்பதை யார் சோதிப்பது?

இது ஒழுக்கம் தவறியவர்களின் நோய், அவர்களுக்கு ஏன் பொதுப் பணம் என்ற முணுமுணுப்பும் உண்டு. கோயில் வாசலிலும் கேட்கலாம், பள்ளிவாசல் முற்றத்திலும் கேட்கலாம். 2016இல் குளியாப்பிட்டியில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனைப் பாடசாலையில் சேர்க்க விடாமல் தடுத்தது இதே முணுமுணுப்புத்தான். அவனுக்குத் தொற்றே இல்லை; வதந்திதான் இருந்தது. மட்டக்களப்பு வாவியின் மாந்தீவில் தொழுநோயாளரைத் தனியே வைத்த காலத்தைக் கிழக்கு மறக்கவில்லை. தொழுநோய்க்குத் தீர்க்கும் மருந்து வந்த பிறகுதான், ஒதுக்கி வைப்பதற்கான சாக்கு இல்லாமல் போனது. எச்.ஐ.வி.யிலும் களங்கத்தைக் கரைக்கப் பிரசங்கத்தைவிடக் குணமே வலிமையான வழி.

இன்னொரு காரணம் விலை. 2001இல் கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டொலருக்குத் தர இந்தியாவின் சிப்ளா முன்வந்தது. அதுவரை அதன் விலை பத்தாயிரம் டொலருக்கு மேல். மருந்து செய்யும் திறன் தெற்கில் இருந்ததால்தான் அது நடந்தது. நாளை ஒளிந்த கலத்தை அழிக்கும் ஊசி ஒன்று வந்தால், அதன் காப்புரிமை நிபந்தனை எழுதப்படும் மேசையில் இருப்பவர்களுக்கே பேரம் பேசும் உரிமை. பங்கு போடாதவர் அங்கே மனுக்காரராகத்தான் நிற்க முடியும்.

ஆகவே, அரசிடம் நாம் கேட்பது இவை. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஊடாக இதற்கெனத் தனித் தலைப்பில் ஐந்தாண்டு நிதி ஒதுக்கப்பட வேண்டும். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டமும் சேர்ந்து, விரும்பி முன்வருவோரின் இரத்த மாதிரிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராயும் திட்டம் ஒன்றைத் தொடங்க வேண்டும். அதில் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் இடம் வேண்டும். பங்கேற்பவரின் பெயர் வெளியே போகாது என்பதற்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். சம்மதப் படிவம் அவரவர் மொழியில் இருக்க வேண்டும். சென்னையிலும் பூனேயிலும் உள்ள இந்திய ஆய்வு நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்து, பொதுப் பணத்தில் பிறக்கும் எந்தக் கண்டுபிடிப்பும் தெற்காசியாவில் கட்டுப்படியாகும் விலைக்கே கிடைக்க வேண்டும் என்று அதில் எழுத வேண்டும்.

திகாமடுல்ல மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள், தமிழரோ முஸ்லிமோ சிங்களவரோ, வரவு செலவு விவாதத்தில் சுகாதார அமைச்சின் குழுநிலை வரும்போது இதை எழுப்ப வேண்டும். வீதிக்கும் கட்டடத்துக்கும் ஒதுக்கீடு கேட்கும் குரலில் இதையும் கேட்கலாம். கேட்டவர் யார், கேட்காதவர் யார் என்பதை இந்தப் பத்திரிகை பெயர் குறித்து வெளியிடும்.