உட்கார இடம் இருந்தால் ஊர் கூடும்

நல்ல விதை வேண்டும், அளவான உரம் வேண்டும், தக்க தருணத்தில் நீர் வேண்டும் என்பதை உழவர் பெருமக்கள் அனைவரும் அறிவர். இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். அது உழவர்கள் உட்கார்ந்து பேச ஓர் இடம். இதற்கு மானியம் கேட்டு எவரும் மனு எழுதுவதில்லை. ஆனால் இது இல்லாத ஊரில் மற்ற மூன்றும் பாதிப் பயனைத்தான் தருகின்றன.

இடமே இல்லையா என்றால், இருக்கிறது. பல ஊர்களில் பழைய சாவடி நிற்கிறது. சில ஊர்களில் உழவர் மன்றத்துக்கென்று கட்டிய அறை உண்டு. முன்பு ஊராட்சி வானொலிப் பெட்டி பாடிய கட்டடமும் உண்டு. கதவைத் திறந்து பார்த்தால் மூலையில் கிழிந்த சாக்கு, கால் ஒடிந்த பெஞ்சு, பழைய தேர்தல் தட்டி, வௌவால் எச்சம். வேளாண்மை உதவி அலுவலர் ஊருக்கு வந்தால் தேநீர்க் கடை வாசலில் நின்றபடி நான்கு பேரிடம் பேசிவிட்டுப் போகிறார். நான்கு பேர் கேட்டது நாற்பது பேருக்குப் போய்ச் சேருவதில்லை.

கூடிக் கேட்பதன் பலன் புதிய கண்டுபிடிப்பன்று. 1956-ல் புனே வட்டாரத்தில் யுனெஸ்கோ உதவியுடன் வானொலி ஊரக மன்றங்கள் சோதனையாகத் தொடங்கப்பட்டன. ஊரார் ஒன்றாக அமர்ந்து பண்ணை நிகழ்ச்சியைக் கேட்டனர்; கேட்டதை விவாதித்தனர்; செய்வதா வேண்டாமா என்று தங்களுக்குள் முடிவெடுத்தனர். பலன் கண்டு 1959 முதல் நாடெங்கும் இது பரப்பப்பட்டது. 1960-களில் தஞ்சைத் தரணியில் ஆடுதுறை 27 நெல் பரவியபோது, திருச்சி வானொலி அதைப் பற்றி ஓயாமல் சொன்னதால் உழவர்கள் அதற்கு ‘வானொலி நெல்’ என்றே பெயர் வைத்து விட்டனர். 1989-ல் இந்தோனேசியாவில் நெற்பயிரின் ஒருங்கிணைந்த பூச்சி நிர்வாகத்துக்காகத் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளியும், வாரந்தோறும் ஒரே இடத்தில் கூடி, வயலில் கண்டதைப் படமாக வரைந்து பேசுவதையே அடிப்படையாகக் கொண்டது.

இன்று ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது; இனி எதற்குச் சாவடி என்று கேட்பவர் உண்டு. கைப்பேசி செய்தியைத் தரும். பக்கத்து வயல்காரர் அதே மருந்தை அடித்து என்ன ஆயிற்று என்பதை அது தராது. கால்வாய் முறைப்பங்கு, ஒரே சமயத்தில் நடவு, எலி ஒழிப்பு ஆகியவை ஒருவர் மட்டும் செய்து பயனில்லாத காரியங்கள். அவற்றுக்கு ஊர் கூடியே ஆக வேண்டும்.

பழைய மரமே போதும்

ஆகவே ஊர் இளைஞர்களும் பெரியவர்களும் சேர்ந்து, கிடைக்கும் பழைய சாமான்களைக் கொண்டே இத்தகைய இடங்களைச் சீர்படுத்த வேண்டும். புது நாற்காலிக்கு நிதி வரட்டும் என்று காத்திருப்பது வீண். மேலும், பிளாஸ்டிக் நாற்காலி கல்யாண வீட்டுக்கு இரவல் போகும். திரும்பி வருகையில் பாதி குறையும். நான்கு ஆள் தூக்கும் மரப் பெஞ்சு எங்கும் போகாது. தன் கையால் இழைத்துச் சேர்த்த பெஞ்சை எவரும் உடைய விடமாட்டார் என்பதும் உண்மை.

மரத்துக்கும் பஞ்சமில்லை. டிராக்டர் வந்த பிறகு கொட்டகையில் கிடக்கும் மாட்டு வண்டிச் சட்டம், நாட்டுக் கலப்பை, நுகத்தடி, பிரித்துப் போட்ட பத்தாயத்தின் பலகை, இடித்த வீட்டின் கதவு, கயிறு அறுந்த கட்டில் எனப் பல வீடுகளில் நல்ல மரம் விறகாகக் காத்திருக்கிறது. கருவேல மரத்தின் வைரப் பகுதி எவ்வளவு உறுதியானது என்பதைக் கலப்பை செய்தவர்கள் அறிவர். ஒரு கதவு இரண்டு முக்காலியின் மேல் ஏறினால் மேசையாகிறது. நுகத்தடியைச் சுவரில் பொருத்தினால் படங்களும் பயிர் மாதிரிகளும் தொங்கவிடும் தாங்கியாகிறது. ஊர்த் தச்சர் ஒருவரை முன்னிறுத்தி, அவருக்கு உரிய கூலியை ஊரார் கொடுத்து விட வேண்டும். தொண்டு என்ற பெயரில் தச்சரின் நாளை இலவசமாகக் கேட்பது முறையன்று.

பூச்சியும் நஞ்சும் வரக் கூடாது

பழைய மரம் கொண்டு வருவதில் எச்சரிக்கை தேவை. மரத்தில் சிறு வட்டத் துளைகளும், அவற்றின் கீழே மாவு போன்ற புதுத் தூளும் கண்டால், மரத்தை உளுக்கச் செய்யும் வண்டு உள்ளே இருக்கிறது என்று பொருள். அம்மரத்தை உள்ளே சேர்த்தால் மற்ற மரங்களுக்கும் பரவும். இவ்வண்டு பெரும்பாலும் வெளிறிய மென்பகுதியையே தின்னும். எனவே அப்பகுதியைச் செதுக்கி நீக்கி எரித்து விடுக. மிஞ்சிய மரத்தை நன்கு காய வைத்து, 10 லிட்டர் வெந்நீரில் வெண்காரம் 300 கிராம், போரிக் அமிலம் 200 கிராம் கரைத்து, ஒரு நாள் இடைவெளியில் இரு முறை தூரிகையால் பூசுக. வர்ணம் நீக்கிய வெறும் மரத்தில்தான் இது இறங்கும். கையுறை அணிக. கரைசல் குழந்தைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டாதிருக்கட்டும். மழையில் நனைந்தால் இம்மருந்து கரைந்து போகும் என்பதால், கூரைக்குள் இருக்கும் சாமான்களுக்கே இது ஏற்றது.

கறையான் தரையிலிருந்து மண் சுரங்கம் கட்டி ஏறுவது. பெஞ்சின் கால் மட்கியிருந்தால் மட்கிய அளவுக்கு அறுத்து விட்டு, நான்கு கால்களையும் சமமாக்கிக் கல் மேல் நிறுத்துக. சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிப் போட்டால் மண் சுரங்கம் கண்ணில் பட்டு விடும்.

பூச்சியை விட அஞ்ச வேண்டியது நஞ்சு. பூச்சி மருந்து அடுக்கி வைத்த அலமாரியும், மருந்துத் தூள் தூவிய பெட்டியும் வேண்டவே வேண்டாம். ஒரு காலத்தில் கொட்டகைதோறும் இருந்த பி.எச்.சி. தூள் 1997-ல் நாட்டில் தடை செய்யப்பட்டது. அதன் மிச்சம் மூலையில் இருந்தால் தொடாமல் வேளாண்மைத் துறையினருக்குத் தெரிவிக்க வேண்டும். காலி மருந்து டப்பாவைக் குடிநீர்க் குடமாகவோ, குப்பைக் கூடையாகவோ, உட்காரும் முக்காலியாகவோ ஆக்கக் கூடாது. காலிக் கலன்கள் மறுபடி பயனுக்கு வந்துவிடாதபடி வெளியே போட்டு வைக்கலாகாது என்று 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளே கூறுகின்றன.

பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். வீட்டு வர்ணங்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2016-ல்தான் வந்தன. ஆகவே உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், நீர் நனைத்துத் தேய்த்து, விழும் சேற்றைத் திரட்டி அப்புறப்படுத்துக. சிறுவர்களை இவ்வேலைக்கு அழைக்கக் கூடாது.

யார் உட்காருவது?

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி இதுதான். பெரிய வீட்டிலிருந்து சாய்வு நாற்காலி ஒன்று சாவடிக்கு வந்து சேர்ந்தால், அந்த வீட்டார் தவிர வேறு எவரும் அதில் உட்காரத் துணிவதில்லை. கூலி வேலை செய்வோர் படிக்குக் கீழே நிற்பர். பெண்கள் வாசலோடு திரும்பி விடுவர். குத்தகைதாரர் வாய் திறக்க மாட்டார். பல சாவடிகள் பாழடைந்ததற்குக் கூரை ஒழுகியது மட்டும் காரணமன்று. ஊரில் பாதிப் பேருக்கு அங்கே இடமில்லாமற் போனதும் காரணம். தீண்டாமையை அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு 1950-லேயே ஒழித்தது. ஊர்ப் பொது இடத்தில் அது ஒழிந்ததா என்பதை உட்காரும் முறை காட்டிவிடும்.

பழுது பார்க்கும் வேலை இதைத் திருத்த நல்ல வாய்ப்பு. சாய்வு நாற்காலி நன்கொடையாக வந்தால் நன்றியுடன் பெற்று, பிரித்துப் பெஞ்சாக்கி விடலாம். எல்லாப் பெஞ்சும் ஒரே உயரமாக, சுமார் 45 சென்டிமீட்டர் இருக்கட்டும். கொடுத்தவர் பெயரை எதிலும் எழுத வேண்டாம். மேடை வேண்டாம், பெஞ்சுகளை வட்டமாகப் போடுக. ஊரின் எல்லாத் தெருவிலிருந்தும் மரம் வரட்டும். எல்லாத் தெருவிலிருந்தும் ஆட்கள் வரட்டும். நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்கள் கையில் உள்ளன. வயலில் புதுக் களை முளைத்ததை முதலில் காண்பவர் அவர்களே. அவர்களுக்கு ஒழியும் நேரத்தைக் கேட்டுக் கூட்டத்தை வைக்க வேண்டும்.

ஊராட்சியின் கடமை

ஊரார் கை கொடுப்பதைக் காரணமாகக் காட்டி ஊராட்சி ஒதுங்கி விடலாகாது. கூரை, சுவர், மின்கம்பி ஆகியவை பொதுப் பணத்தில் செய்ய வேண்டியவை. அறுந்த மின்கம்பியைத் தொண்டர்கள் தொடவே கூடாது. பள்ளியில் உடைந்து கிடக்கும் பெஞ்சும் அரசு உடைமையே. வாய்ச் சொல்லை நம்பி எடுத்து வந்தால் பின்னர் தொல்லை. எழுத்து மூலம் அனுமதி பெறுக. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்றில் கட்டடத்தின் பயன், மின் கட்டணம், சாவி ஆகிய மூன்றுக்கும் தீர்மானம் நிறைவேற்றுக. சாவி இருவரிடம் இருக்கட்டும். ஒருவர் பெண்ணாக இருப்பது நலம்.

சம்பா அறுவடை முடிந்த மாசி, பங்குனி இதற்கு ஏற்ற காலம். வயலில் வேலை குறைவு. வெயிலில் மரமும் காயும். ஆடிக்குள் பெஞ்சுகள் தயாரானால், அடுத்த பருவத்தின் விதைப் பேச்சை உள்ளேயே பேசலாம்.

வேலை முடிந்த பின் ஒரு மாலை அங்கே எட்டிப் பார்க்க வேண்டும். நடவுக்குப் போய்வரும் பெண் ஒருவர், நிலக்காரருக்குப் பக்கத்துப் பெஞ்சில் தயங்காமல் அமர்ந்து, தம் வயலில் கண்டதைச் சொல்லிக் கொண்டிருந்தால், அந்த ஊர் செலவிட்ட உழைப்பு வீண் போகவில்லை என்று கொள்ளலாம்.