பத்தாம் வகுப்பு போதும், ரோபோவுக்கு வேலை சொல்லித் தரலாம்!

கயத்தாறு, கோவில்பட்டி பக்கம் பல வீடுகளில் அம்மாவோ பெரியம்மாவோ தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவராக இருப்பார். குச்சி அடுக்கி, பெட்டி ஒட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். பிறகு மெஷின் வந்தது, கைவேலை குறைந்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. அறிமுகமானபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவிகிதம், மெஷின் தீப்பெட்டிக்கு 18 சதவிகிதம் என்று தனித்தனியாகத்தான் வரி போட்டார்கள். 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 சதவிகிதம் என்றானது.

அந்த வீட்டுப் பிள்ளைகள் மெஷின் பக்கம் போய் நிற்க இப்போது ஒரு வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசு, டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை சுமார் 2,877 கோடி ரூபாயில் 'தொழில் 4.0' தரத்துக்கு உயர்த்தும் திட்டத்தைக் கையில் எடுத்தது. முதல்கட்டமாக 22 மையங்கள் 2023 ஜூலையில் திறக்கப்பட்டன. இதில் வந்த புதிய பிரிவுகளில் ஒன்றுதான் 'இண்டஸ்ட்ரியல் ரோபோட்டிக்ஸ் அண்டு டிஜிட்டல் மேனுஃபேக்சரிங் டெக்னீஷியன்'. பெயர்தான் நீளம். படிப்பு 1 ஆண்டு. பத்தாம் வகுப்பு தேர்ச்சி போதும்.

ரோபோ என்றதும் 'எந்திரன்' சிட்டி ஞாபகத்துக்கு வருவார். தொழிற்சாலை ரோபோவுக்கு முகம் கிடையாது. பெரும்பாலும் 6 இடங்களில் மடங்கித் திரும்பும் ஒரு இரும்புக் கை, அவ்வளவுதான். அதுவாக எதையும் யோசிக்காது. 'டீச் பென்டன்ட்' என்ற கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, கையை இந்த இடத்துக்கு நகர்த்து, நிறுத்து, பதிவு செய் என்று ஒவ்வொரு புள்ளியாகச் சொல்லித் தர வேண்டும். வாசலில் புள்ளி வைத்து, பிறகு கோடு இழுக்கிறோமே, கிட்டத்தட்ட அதே வேலை. ஒரு புள்ளி தள்ளிப்போனால் வெல்டிங் தப்பான இடத்தில் விழும். கூடவே சென்சார், மோட்டார், இவற்றை இயக்கும் பி.எல்.சி. ஆகியவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கயத்தாறு காற்றாலைகள் காற்றடிக்கும் திசைக்குத் தாமாகவே முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இந்த சென்சார், மோட்டார் கூட்டணியால்தான்.

படித்தால் வேலை எங்கே? இதே மாவட்டத்தில், தூத்துக்குடி சில்லாநத்தம் சிப்காட்டில், வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4-ம் தேதி திறக்கப்பட்டது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள் என்பது அதன் திறன். சென்னை, ஓசூர் என்று பெட்டியைத் தூக்கினால்தான் வேலை என்ற நிலை கொஞ்சம் மாறியிருக்கிறது.

ஆனால், சேரும் முன் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். ரோபோவுக்குப் பொருளை எடுத்து வைத்து பட்டன் அழுத்துகிறவருக்கும், அது நின்றுபோனால் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்கிறவருக்கும் சம்பளம் ஒன்றல்ல. முதலாமவரின் வேலையை அடுத்த மெஷின் எடுத்துக்கொள்ளும், தீப்பெட்டி ஆபீஸில் நடந்ததைப் போலவே. அதனால் மேலே படிக்கும் வழியையும் இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர, பத்தாம் வகுப்போடு 2 ஆண்டு ஐ.டி.ஐ. படிப்பு கேட்பார்கள். ரோபோட்டிக்ஸ் 1 ஆண்டுதான். டிப்ளோமா ஆசை இருந்தால், 2 ஆண்டுப் படிப்பான 'அட்வான்ஸ்டு சி.என்.சி. மெஷினிங்' பிரிவையும் விசாரியுங்கள்.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தனி.

கயத்தாறிலிருந்து கோவில்பட்டி அரசு ஐ.டி.ஐ., நெல்லை பேட்டை அரசு ஐ.டி.ஐ. இரண்டுமே பஸ்ஸில் போய்வரும் தூரம். எல்லா இடத்திலும் எல்லாப் பிரிவும் இருக்காது என்பதால் நேரில் போய்க் கேளுங்கள். ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ரோபோவைத் தொட விடுவீர்கள் என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், அடுத்த ஐ.டி.ஐ.க்கு பஸ் ஏறிவிடலாம்.