அதே 22-20!

2012 ஜூலை 7. தென்கொரியாவின் கிம்சியோன் நகரில் ஆசிய ஜூனியர் பேட்மின்டன் இறுதிப்போட்டி. பி.வி.சிந்துவுக்கு 17 வயது நிறைந்து இரண்டே நாள். எதிரே ஜப்பானின் நொசோமி ஒகுஹாரா, அவருக்கும் 17தான்!

முதல் கேம் ஒகுஹாராவுக்கு. அடுத்த இரண்டும் சிந்துவுக்கு: 18-21, 21-17, 22-20. அணிப் போட்டி என்றால் ஒருவர் கோட்டை விட்டாலும் இன்னொருவர் கைகொடுப்பார். ஒற்றையரில் 20-20 என்று நிற்கும்போது துணைக்கு யார் வருவார்? பெண்கள் ஒற்றையரில் இந்தியாவுக்கு அதுவே முதல் பட்டம்.

2017, கிளாஸ்கோ. உலக சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டியில் அதே இருவர். 110 நிமிடம் மூச்சிரைக்க ஆடினார்கள். கடைசி கேமில் அதே 22-20... இந்த முறை ஒகுஹாராவுக்கு!

2019, பாசெல். மறுபடி உலக இறுதி, மறுபடி ஒகுஹாரா. சிந்து 21-7, 21-7. முப்பத்தெட்டே நிமிடம்!