கோழித்தீன் விலை: புளிக்கவைத்தால் மட்டும் போதுமா?

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடை சோளச் செய்கையைப் பாதித்தது. அடுத்த ஆண்டின் டொலர் தட்டுப்பாடு தீன் இறக்குமதியையும் முடக்கியது. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு நாடு தள்ளப்பட்டது.

வீட்டுக் கோழி வளர்ப்பையும் இந்தச் சுமை விட்டுவைக்கவில்லை. வடக்கு, கிழக்கில் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சுகள் வழங்கப்படுகின்றன. குஞ்சு இலவசம்; தீனுக்குப் பணம் தேட வேண்டியது அந்தப் பெண்ணே.

இந்த நிலையில்தான் தீனைப் புளிக்கவைக்கும் முறை கவனம் பெறுகிறது. தவிட்டையும் குறுணலையும் மூழ்கும்படி நீர்விட்டு, தினமும் கிளறி, இரண்டு மூன்று நாட்கள் வைத்தால் இலற்றிக் அமில பற்றீரியாக்கள் பெருகும். தானியத்தில் பிணைந்துள்ள பொசுபரசு கோழிக்குக் கூடுதலாகக் கிடைக்கும். தூளாகச் சிந்தி வீணாவதும் குறையும். பூஞ்சணம் பிடித்தால் முழுவதையும் வீசிவிட வேண்டும். புளிப்பு அந்த நஞ்சை நீக்கிவிடும் என்று நம்பக்கூடாது.

ஆனால், தவிட்டில் போதாத புரதத்தைப் புளிப்பு ஈடுசெய்யாது. அதற்குப் புண்ணாக்கோ மீன்தூளோ கரையானோ வேண்டும். எனவே குஞ்சு வழங்கும் திட்டங்கள், முட்டையிடத் தொடங்கும்வரையான புரதத் தீனையும் இந்தப் பயிற்சியையும் சேர்த்தே வழங்க வேண்டும். இல்லையேல் கோழிகள் முதல் முட்டைக்கு முன்பே விலைப்பட்டுவிடும்.